முகத்துவாரமும் மூளையும்

மட்டக்களப்பு வாவியின் கரைகளிலே வாழ்வோர் நீரை இரு வழிகளால் அறிந்து வந்துள்ளனர். ஒன்று, பார்த்து அறிதல். மற்றையது, வெட்டி அறிதல்.

வடக்கே ஏறாவூர்ப் பகுதி தொடக்கம் தெற்கே கல்முனைப் பகுதி வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு அவ்வாவி கிடக்கின்றது. எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரிப்பதும் அதுவே, இணைப்பதும் அதுவே. வரண்ட மாதங்களில் கடலுக்கும் வாவிக்கும் இடையே மணற்றிட்டு வளர்ந்து முகத்துவாரத்தை மூடிவிடும். மாரி பிறந்ததும் படுவான்கரைப் பக்கத்து மழையெல்லாம் ஆறுகளாகவும் ஓடைகளாகவும் இறங்கி வாவியை நிரப்பும். பெரும்போகப் பயிர் நீரில் மூழ்கத் தொடங்கும். அப்போதுதான் ஆற்றுவாயை வெட்டுவதா, விடுவதா என்ற பேச்சு எழும். வெட்டுக என்பர் வேளாண்மை செய்வோர். பொறுத்திருக்க என்பர் மீனையும் இறாலையும் நம்பியிருப்போர். ஈற்றில் மணலிலே ஒரு சிறு வாய்க்கால் வெட்டப்படும். முன்னர் மண்வெட்டியாற் செய்யப்பட்ட அவ்வேலையை இன்று பெக்கோ இயந்திரம் செய்கின்றது. வெட்டிய வாய்க்கால் நீரின் வேகத்தினாலே தன்னைத்தானே அகலமாக்கிக் கொண்டு பேராறாகிக் கடலைச் சேரும்.

அன்று தொடங்குவதே வாவியைப் பற்றிய உண்மையான பாடமாகும். முகத்துவாரத்திலே வெட்டினால் வலையிறவுப் பாலத்தடியில் நீர் எப்போது இறங்கும்? பட்டிருப்பில் எப்போது இறங்கும்? எந்த வட்டையின் நீர் இறங்கும், எந்த வட்டையின் நீர் அசையாது நிற்கும்? ஆண்டு முழுவதும் கரையிலிருந்து நீரைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இரண்டு ஓடைகள் ஒன்றாக உயர்வதும் ஒன்றாகத் தாழ்வதும் தெரியும். ஆயினும் அவை ஒன்றோடொன்று தொடுத்திருப்பதனால் அவ்வாறு நிகழ்கின்றதா, அன்றி இரண்டின்மீதும் ஒரே மழை பெய்வதனால் நிகழ்கின்றதா என்பது அவனுக்குத் தெரியாது. ஓரிடத்தில் வெட்டி, வேறோரிடத்தில் அளந்தவனுக்கே அது தெரியும்.

கல்லடியைச் சேர்ந்த ஒரு மீனவர் இவ்வித்தையில் வல்லவரென ஒரு காலத்திற் பேசப்பட்டவர். அவரது பெயர் இங்கு வேண்டற்பாலதன்று. தோணித்துறையில் நட்ட கம்பிலே கத்தியாற் கீறி வைத்த அடையாளங்களைக் கொண்டு, ஆற்றுவாய் வெட்டிய எத்தனையாம் நாளில் எங்கே வலை வீசலாம் என்று அவர் கூறுவாராம். ‘கூறுவாராம்’ என்று எழுதவேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. அவரது தங்கையின் மகள், இன்று பல்கலைக்கழகமொன்றிலே கலைப் பீடத்தில் மெய்யியல் பயிலும் மாணவி, அவரது வாயிலிருந்து அத்தகைய சொல் எதனையும் கேட்டதில்லை. அவள் கைக்குழந்தையாயிருந்த 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலை ஆழிப்பேரலை வந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையான நாவலடியிலே அவருடைய வீடு இருந்தது. அன்று அவர் விடியலிலே வாவிக்குச் சென்றிருந்தார். மனைவியும் மகனும் வீட்டில் இருந்தனர். திரும்பி வந்தபோது வீடு நின்ற இடத்தை அறிதற்கும் அடையாளம் இருக்கவில்லை.

அதன் பின்னர் அவர் தங்கையின் வீட்டோடு வந்து சேர்ந்தார். உண்டார், உறங்கினார், வலை பின்னிக் கொடுத்தார், தோணியில் ஏறவில்லை. அம்மாணவி அறிந்த மாமா பேசாத மாமாவே. கிளினிக்கிலே கொடுக்கப்பட்ட மாத்திரைகளை அவர் ஒழுங்காக விழுங்கினார். அவை அவருக்கு உறக்கத்தைத் தந்தன; பேச்சைத் தரவில்லை. சுற்றத்தாருட் சிலர், ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை’ என்றனர். வேறு சிலர், ‘எத்தனையோ பேர் இழந்தார்கள், எழும்பினார்கள்தானே’ என்றனர். இவ்விரு கூற்றுகளிலும் கொடுமை இருந்ததை அவற்றைக் கூறியோர் உணர்ந்திலர்.

அக்குடும்பத்தார் இருபது ஆண்டுகளாக அவரைக் கூர்ந்து நோக்கி ஒரு முடிவுக்கு வந்திருந்தனர். பூரணை நாள்களிலே அவரது மௌனம் கனக்கின்றது என்பதே அது. பேரலை வந்த அன்று பூரணை தினம். ஆகவே, முழுநிலவே அவருக்குத் துயரத்தைக் கொண்டுவருகின்றது என்று அவர்கள் தீர்மானித்தனர். பூரணையன்று மாலையாகும்போது வாவிப் பக்கத்துக் கதவு சாத்தப்படும். அண்ணனை நிலவிலிருந்து காப்பதாகத் தங்கை உளமார நம்பினாள். அன்பினாற் செய்யப்பட்ட அச்செயலை எவரும் ஐயுறவில்லை.

பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டிலே காரணகாரியத் தொடர்பு பற்றிய விரிவுரைகளை அம்மாணவி கேட்டாள். ஒன்றையடுத்து ஒன்று இடையறாது நிகழ்வதைக் காண்கின்றோமேயன்றி, ஒன்று மற்றையதை விளைவிக்கும் ஆற்றலைக் காண்பதில்லை என 18ஆம் நூற்றாண்டிலே டேவிட் ஹியூம் வாதிட்டதை அங்கே அறிந்தாள். வெறும் அவதானிப்பினால் நிகழ்ச்சிகளின் உடனிகழ்வையும் தொடர்வரிசையையும் அறியலாமேயன்றிக் காரணத்தை நிறுவுதல் அரிது. அதற்குப் பரிசோதனை வேண்டும் என 1843இல் வெளிவந்த அளவையியல் நூலிலே ஜே. எஸ். மில் கூறியதையும் அறிந்தாள். இக்கருத்தை இக்கால விஞ்ஞானம் ஒன்றைக் கொண்டு விளக்குமாறு விரிவுரையாளர் ஒரு பயிற்சிக் கட்டுரையைப் பணித்தார். அவள் தேர்ந்தெடுத்தது மனித மூளையைப் பற்றிய விஞ்ஞானம். அத்தேர்வுக்கு மெய்யியல் மட்டும் காரணமன்று என்பதை விரிவுரையாளர் அறிந்திருக்க நியாயமில்லை.

மூளையைப் பார்த்து அறியும் வழிகளுள் இன்று பெரிதும் பயன்படுவது தொழிற்பாட்டுக் காந்தப் பரிவுப் படமாக்கல் ஆகும். மூளையின் ஒரு பகுதி தொழிற்படும்போது அப்பகுதிக்கு ஒட்சிசன் நிறைந்த குருதி கூடுதலாகப் பாய்கின்றது. ஒட்சிசனைச் சுமந்த ஈமோகுளோபினும் அதனை இழந்த ஈமோகுளோபினும் காந்தப் புலத்திலே வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. இவ்வேறுபாட்டைக் கொண்டு மூளையின் தொழிற்பாட்டைப் படமாக்கலாம் என செய்ஜி ஒகாவா என்னும் யப்பானிய விஞ்ஞானி, ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே எலிகளைக் கொண்டு 1990இற் காட்டினார். 1992இல் மனிதரிலும் அது செய்து காட்டப்பட்டது. மண்டையோட்டைத் திறவாமல், ஊசி ஏற்றாமல், சிந்திக்கும் மனிதனின் மூளையைப் பார்க்கலாம் என்பது மனித வரலாற்றிலே சிறிய செய்தியன்று.

ஆயினும் அது பார்வை மட்டுமே. ஒருவன் துயருறும்போது மூளையின் ஓரிடம் படத்திலே ஒளிர்கின்றதெனின், துயரத்தை விளைவிப்பது அவ்விடமா? துயரத்தினால் விளைந்தது அவ்வொளியா? அன்றி வேறோரிடம் இரண்டையும் ஒருங்கே விளைவிக்கின்றதா? படம் விடை கூறாது.

மட்டக்களப்பார்க்கு இச்சிக்கல் புதியதன்று. கல்லடிப் பாலத்தடியிலே நிலாக் கால இரவுகளில் நீருக்கடியிலிருந்து எழும் இசையைக் கேட்டவர் பலர். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் ரெனென்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி அவ்வோசையைத் தோணியிலிருந்து கேட்டு, தோணியின் மரத்திலே காதை வைத்தபோது அது மிகுந்து ஒலித்தது என எழுதி வைத்தார். லாங் அடிகளார் 1950களிலே அதனை ஒலிப்பதிவு செய்தார். சவளின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கும் வழக்கமும் இவ்வூரார்க்கு உண்டு. பாடுவது மீன் என்பர் சிலர். ரெனென்ற் காலத்து மீனவர் அதனை ஊரியின் குரல் என்றனர். ஓசையைக் கேட்டோர் பலர். கேட்ட ஓசையைக் கொண்டு மட்டும் பாடுவது எது என்று ஐயமற நிறுவியவர் இலர். கேட்டல் எத்துணைக் கூர்மையுடையதாயினும் காரணத்தைக் காட்டிவிடாது.

இனி, மூளையைத் தொட்டு அறியும் வழி. காந்தப் புலம் மாறும்போது அருகிலுள்ள கடத்தியிலே மின்னோட்டம் பிறக்கும் என்பதை மைக்கல் பரடே 1831இற் கண்டறிந்தார். பாடசாலையிற் பௌதிகவியல் பயின்றோர் அனைவரும் அறிந்த விதி இது. மூளையின் திசுவும் ஒரு கடத்தியே. தலையின் அருகே கம்பிச் சுருளொன்றைப் பிடித்து, அதனூடே ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைந்த நேரத்துக்கு வலிய மின்னோட்டத்தைச் செலுத்தினால், அதனாற் பிறக்கும் காந்தத் துடிப்பு மண்டையோட்டினூடே தடையின்றிச் சென்று, மூளையின் மேற்பட்டையிலே சிறு மின்னோட்டத்தை எழுப்பி, அங்குள்ள நரம்புக் கலங்களைத் தூண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரிலே அந்தனி பார்க்கரும் அவர்தம் குழுவினரும் 1985இல் இதனைச் செய்தனர். தலையிலே கை அசைவை ஆளும் பகுதிக்கு மேலே சுருளைப் பிடித்தபோது, எதிர்ப்புறக் கை தானே துடித்தது. மண்டையோட்டினூடான காந்தத் தூண்டல் என வழங்கும் முறையின் தொடக்கம் இதுவே.

இங்கே காரணம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றது. துடிப்பைக் கொடுத்தபோது கை அசைந்தது, கொடாதபோது அசையவில்லை. ஆயினும் இவ்வழிக்கும் இரண்டு குறைகள் உண்டு. அத்துடிப்பு மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேற் போதிய வலிமையுடன் செல்வதில்லை. அன்றியும், கையைப் போலக் கண்ணுக்குத் தெரிய அசைவது எதனையும் ஆளாத பகுதிகளைத் தூண்டினால், உள்ளே நிகழ்ந்தது யாது என்பதை அறிய வழியில்லை. ஆற்றுவாயை வெட்டிவிட்டு, இருளிலே, எங்கே நீர் இறங்கியது என்று தெரியாமல் நிற்பவனின் நிலை அது.

பார்வைக்குத் தொடுகை இல்லை. தொடுகைக்குப் பார்வை இல்லை. இரண்டையும் ஒருங்கே செய்தால் என்ன? கேட்பதற்கு எளிதான இவ்வினா செயலிலே மிக அரியது. படமெடுக்கும் இயந்திரம் தானே ஒரு மாபெருங் காந்தம். அதன் புலம் புவியின் காந்தப் புலத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு வலியது. அதனுள்ளே இரும்பு கலந்த எந்தப் பொருளையும் கொண்டு செல்லலாகாது. மின்னோட்டம் பாயும் சுருளை அத்தகைய புலத்தினுள் வைத்தால் அது முறுக்குண்டு அதிரும். தூண்டற் கருவியின் மின்னிரைச்சல் படத்தைக் கெடுக்கும். படமெடுக்கும் அதே கணத்திலே துடிப்பைக் கொடுத்தாற் படமே அழிந்துவிடும்.

ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலே, அத்திலாந்திக் கரையிலுள்ள துறைமுக நகரான சார்ள்ஸ்ரனில், டரில் போனிங் என்பாரும் மார்க் ஜோர்ஜ் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1990களின் பிற்பகுதியிலே இத்தடைகளை ஒவ்வொன்றாகக் கடந்தனர். இரும்பற்ற சுருள் ஒன்று ஆக்கப்பட்டது. தூண்டற் கருவி காந்த அறைக்கு வெளியே வைக்கப்பட்டு, நீண்ட கம்பியினாற் சுருளோடு இணைக்கப்பட்டது. காலத்தைப் பொறுத்த தடைக்கு அவர்கள் கண்ட தீர்வு எந்த மீனவனுக்கும் எளிதில் விளங்கும். ஒருவன் தனியே தோணியிற் செல்லும்போது வலையை வீசிக்கொண்டே சவள் வலிக்க இயலாது. வலித்து நிறுத்தி வீசுவான், இழுத்தபின் வலிப்பான். அவ்வாறே ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைப்பட்ட நொடியிலே துடிப்பு கொடுக்கப்பட்டது. மூளையின் குருதியோட்டம் தூண்டலுக்குச் சில செக்கன்கள் பிந்தியே உச்சம் அடையும். ஆதலின், துடிப்பு நின்ற பின்னரும் அதன் விளைவைப் படம் பிடிக்கலாம். இயற்கையின் தாமதமே இங்கு ஆய்வாளர்க்குத் துணையாயிற்று. மூளையைத் தூண்டிய அதே வேளையில் அதன் விளைவைப் படமாக்கிக் காட்டிய அவர்களது கட்டுரை 1998இல் வெளிவந்தது.

அக்கட்டுரைகளைத் தொடர்ந்து வந்தவற்றை வாசித்தபோது அம்மாணவிக்கு வியப்பைத் தந்தது வேறொன்று. தூண்டப்பட்ட இடம் மட்டும் படத்தில் ஒளிரவில்லை. அதனோடு நரம்பிழைகளால் இணைந்த தொலைவிடங்களும் மாறின. இலண்டனிலே கிறிஸ்ரியன் றஃப் என்பாரும் பிறரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. மூளையின் முற்புறத்திலே கண் அசைவோடு தொடர்புடைய ஒரு பகுதியை அவர்கள் தூண்டினர். மூளையின் பிற்புறத்திலே, காட்சியை வாங்கும் மேற்பட்டை மாறியது. அதுவும் ஒரே விதமாக மாறவில்லை. பார்வையின் ஓரங்களுக்குரிய பகுதியிலே தொழிற்பாடு கூடியது. நடுப் பார்வைக்குரிய பகுதியிலே குறைந்தது. முகத்துவாரத்திலே வெட்ட, ஒரு வட்டையில் நீர் இறங்கி இன்னொரு வட்டையில் நீர் ஏறியது போன்ற காட்சி இது. முன்னது பின்னதை ஆளுகின்றது என்பது அதற்கு முன்னரும் ஊகிக்கப்பட்டிருந்தது. மனித மூளையில் அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை வெட்டி அளந்தவர் இவர்களே.

இம்முறையிலும் ஏமாறும் வழிகள் உண்டென்பதை ஆய்வாளர் மறைக்கவில்லை. சுருளிலே துடிப்புப் பாயும்போது ‘டக்’ என்ற உரத்த ஒலி எழும். தலைத்தோலிலே தட்டியது போன்ற உணர்வும் உண்டாகும். அவ்வொலியைக் கேட்ட செவிப்புல மேற்பட்டை தானாகவே ஒளிரும். அதனைக் காந்தத்தின் விளைவென எண்ணுதல் பிழை. ஆகவே, ஒலி மட்டும் எழுப்பும் போலித் தூண்டல், வேறிடத்தைத் தூண்டல், வலிமை குறைத்துத் தூண்டல் என்பனவற்றைச் செய்து ஒப்பிடல் வேண்டும். தொட்டால் மட்டும் போதாது. எதனைத் தொட்டோம் என்பதையும் அறிதல் வேண்டும். மெய்யியல் மாணவியான அவள் இவ்வரியைத் தன் குறிப்பேட்டிலே இருமுறை எழுதினாள்.

இவ்வாராய்ச்சி அவளுக்கு வெறும் ஆராய்ச்சியாக இராது போனது மனச்சோர்வு பற்றிய பகுதியை வாசித்தபோதே. மார்க் ஜோர்ஜும் பிறரும், மருந்துகளால் மாறாத மனச்சோர்வுற்ற ஆறு நோயாளருக்கு, மூளையின் இடது முற்புறத்திலே நாளாந்தம் காந்தத் தூண்டல் கொடுத்து, சிலரிடத்தே நன்மை கண்டதை 1995இல் அறிவித்தனர். பல ஆய்வுகளின் பின் 2008இல் ஐக்கிய அமெரிக்க அரசு அச்சிகிச்சைக்கு அனுமதியளித்தது. அண்டை நாட்டிலே பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும் காந்தத் தூண்டற் சிகிச்சை அளிக்கப்பட்டு வருகின்றது. ஆயினும் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. ஒரே சிகிச்சை சிலருக்கு உதவி, சிலருக்கு உதவாதிருப்பது ஏன்?

மனச்சோர்வோடு நெருங்கிய தொடர்புடையதெனக் கருதப்படும் பகுதியொன்று மூளையின் முற்புறத்தே, இரு அரைக்கோளங்களும் எதிர்நோக்கும் உட்பக்கத்திலே, ஆழத்திற் கிடக்கின்றது. சுருளின் துடிப்பு அத்தூரம் நேரே செல்லாது. ஆனால், மேற்பரப்பிலுள்ள முற்புறப் பகுதிகளுட் சில அவ்வாழத்துப் பகுதியோடு தொடர்புடையன. தூண்டிய புள்ளி அவ்வாழத்தோடு எதிர்மாறாக ஏறி இறங்கும் தொடர்பை எவ்வளவுக்கு உடையதோ, அவ்வளவுக்குச் சிகிச்சையின் பயனும் கூடுகின்றது என்பதற்கான சான்றுகளை மைக்கல் ஃபொக்ஸ் முதலியோர் 2012இல் வெளியிட்டனர். எளிதாகக் கூறின், உள்வாவிக்குச் செல்ல இயலாதவன் சரியான முகத்துவாரத்தை வெட்டுதல் வேண்டும். அம்முகத்துவாரம் ஒவ்வொருவர் மூளையிலும் சிறிதளவு இடம் மாறி இருக்கின்றது.

இக்கருத்தைப் பின்பற்றி, ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் ஒவ்வொரு நோயாளரின் மூளையையும் முதலிற் படமெடுத்து, அவரவர்க்குரிய புள்ளியைத் தேர்ந்து, நாளொன்றுக்குப் பத்து முறையாக ஐந்து நாள்கள் தூண்டல் கொடுத்தனர். 29 பேர் பங்குகொண்ட அவர்களது பரிசோதனையிலே மெய்யான தூண்டலைப் பெற்றோருட் பெரும்பான்மையோர் அடுத்த நான்கு வாரங்களுள் நோய் நீங்கிய நிலையை எய்தினர். போலித் தூண்டலைப் பெற்றோரில் அவ்வாறு எய்தியோர் மிகச் சிலரே. அம்முறைக்கு 2022இல் ஐக்கிய அமெரிக்காவிலே அனுமதி கிடைத்தது. 29 என்பது சிறிய எண் என்பதை மறத்தலாகாது. அங்கே படம் முன்னும் தூண்டல் பின்னுமாக நிகழ்ந்தன என்பதும் கருதத்தக்கது. ஏறி இறங்கும் தொடர்பைப் படத்திலே கண்டு புள்ளியைத் தேர்வது இன்னமும் கரையிலிருந்து நீரைப் பார்ப்பதேயாகும். தேர்ந்த புள்ளியில் எழுப்பிய அலை உண்மையிலே ஆழத்தைச் சென்றடைகின்றதா என்பதை, இரண்டையும் ஒரே வேளையிற் செய்யும் முறையே காட்ட வல்லது. அம்முறையைக் கையாண்ட ஆய்வுகள், அலை எல்லோரிடத்தும் ஒரே வழியிற் செல்வதில்லை என்பதைக் காட்டத் தொடங்கியுள்ளன.

இவ்விடத்தை வாசித்து முடித்தபோது அவளுக்கு முதலில் ஏற்பட்டது நம்பிக்கையன்று, ஒருவகை வெட்கமேயாகும். ‘மனத்தைத் திடப்படுத்தத் தெரியாதவர்’ என்று சுற்றத்தார் கூறியபோதெல்லாம் அவள் வாய் திறந்து மறுத்ததில்லை. அடைபட்ட முகத்துவாரத்தை நோக்கி, ‘நீ ஏன் உன்னை நீயே திறந்துகொள்ளவில்லை?’ என்று கேட்பாருண்டா? சார்ள்ஸ்ரனிலும் ஸ்ரான்ஃபோர்ட்டிலும் உள்ள இயந்திரங்கள் கல்லடியின் ஒரு மீனவருக்கு எட்டாதவை. அவை எட்டும் நாளும் வரலாம். வருமுன்னரே எட்டக்கூடியது ஒன்று உண்டு. பார்த்தது மட்டும் கொண்டு ஒருவர்மீது காரணம் சுமத்தலாகாது என்ற அறிவே அது.

விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது ஆனிப் பூரணை நெருங்கியிருந்தது. அன்று மாலை தாய் வழக்கம்போல வாவிப் பக்கத்துக் கதவைச் சாத்த எழுந்தாள். மகள் கதவருகே நின்றாள்.

“மாமா, என்னைத் தோணியில கூட்டிப் போறீங்களா?” என்று கேட்டாள்.

“வேணாம் மனே, இண்டைக்குப் பூரணை. மாமாவ விடு” என்றாள் தாய்.

அவர் நெடுநேரம் மறுமொழி கூறவில்லை. பின்னலில் இருந்த வலையை மடித்து வைத்தார். வெளியே சென்று தென்னோலைகளைப் பார்த்தார். “காத்து விழட்டும்” என்றார்.

அயலவரிடம் இரவல் பெற்ற தோணியிலே இருவரும் பாலத்தடிக்குச் சென்றனர். இருபது ஆண்டுகளாகச் சவள் பிடியாத கை அதனை மறந்திருக்கவில்லை. பாலத்தூண்களுக்குச் சற்று அப்பால் தோணியை நிறுத்தி, சவளின் ஒரு முனையை நீரிலே அமிழ்த்தி, மறுமுனையைத் தம் காதில் வைத்து அவர் அசையாதிருந்தார். பின்னர் அதனை மருமகளிடம் கொடுத்தார். அவள் கேட்டது மீனின் பாட்டோ, ஊரியின் குரலோ, தூணில் உரசும் நீரின் ஓசையோ என்று அவளாற் பிரித்தறிய இயலவில்லை. ஏதோ ஒன்று, மெல்லிய நரம்பொன்றை யாரோ வருடியதைப் போல, விட்டு விட்டு ஒலித்தது.

“உன்ட மாமி இதக் கேட்டுக் கேட்டுத் தோணிக்குள்ளயே நித்திரையாப் போவா” என்றார் அவர்.

அவர் தம் மனைவியைப் பற்றிக் கூறியதை அவள் கேட்டது அதுவே முதல் தடவை. இருபது ஆண்டுப் பூரணைகளிலே அவரது மௌனத்தைக் கனக்கச் செய்தது நிலவா, சாத்திய கதவா? குடும்பத்தார் கண்டது பொய்யன்று. நிலவும் மௌனமும் ஒன்றாகவே வந்தன. ஆனால், நிலவோடு கூடவே கதவும் ஒவ்வொரு முறையும் சாத்தப்பட்டு வந்ததை எவரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஓர் இரவு ஒரு நிரூபணமாகாது. மெய்யியல் பயின்ற அவளுக்கு அது நன்கு தெரியும். கதவு திறந்தது ஒருபுறமிருக்க, மருமகள் ஊர் வந்ததும், அவளது கேள்வியும், வாவியும், சவளும், காற்று விழுந்த அமைதியும் அன்று ஒருங்கே கூடியிருந்தன. அவற்றுள் எது அவரைத் தொட்டது என்று கூற அவளிடம் போலித் தூண்டலும் இல்லை, படமெடுக்கும் காந்தமும் இல்லை. அவர் குணமடைந்துவிடவுமில்லை. மறுநாள் காலை வழக்கம்போல மாத்திரையை விழுங்கிவிட்டு, வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். தன் கட்டுரையிலே அவள் இந்நிகழ்ச்சியைச் சேர்க்கவுமில்லை.

அவள் பல்கலைக்கழகம் திரும்பிய பின்னர் அடுத்த பூரணை வந்தது. அன்றிரவு தொலைபேசியிலே தாய் கூறிய செய்தி சிறியது. பொழுதுபட்டதும் கதவைச் சாத்தப் போன தான், பாதி வழியில் நின்றுவிட்டாளாம். பின்னர் முற்றத்துத் தென்னோலைகளைப் பார்த்துவிட்டு, அண்ணனிடம் தானே கேட்டாளாம்:

“காத்து விழுந்திட்டா, அண்ணே?”